நியூ ஜெர்சி ஆளுநர் தேர்தல்: 14 புள்ளி வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

மிடில்செக்ஸ்காரன்:

2025 நவம்பர் 4 அன்று நியூயார்க்கில் மம்தானி மேயராகத் தேர்வான செய்தியில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் நடந்தது காணாமலே போய்விட்டது. நம் ஆட்கள் இவ்வளவு பேர் இருக்கும் மாநிலம், தமிழில் இதைப் பற்றி ஒரு இழைகூட இல்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்கு: ஃபில் மர்ஃபி 2017, 2021 இரண்டு தேர்தலிலும் ஜெயித்தவர். நியூ ஜெர்சியில் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஆளுநராக இருக்க முடியாது. ஆகவே இந்த முறை நாற்காலி காலி. ஜனநாயகக் கட்சியில் மிக்கி ஷெரில். கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், பிறகு மத்திய அரசு வழக்கறிஞர், 2018-இல் காங்கிரசுக்குத் தேர்வானவர். குடியரசுக் கட்சியில் ஜாக் சிட்டரெல்லி. கணக்காளர், மருத்துவப் பதிப்பகத் தொழில் செய்தவர், அசெம்பிளி எனப்படும் மாநிலக் கீழவையின் முன்னாள் உறுப்பினர். ஆளுநர் பதவிக்கு இது அவருக்கு மூன்றாவது முயற்சி. 2021-இல் மர்ஃபியிடம் மூன்றே புள்ளியில் தோற்றார். 2024-இல் ட்ரம்ப் இந்த மாநிலத்தை இழந்ததும் ஆறு புள்ளியில்தான். எனவே இழுபறி என்றார்கள். கடைசி நேரக் கருத்துக்கணிப்பு ஒன்றில் வித்தியாசம் வெறும் ஒரு புள்ளி. எண்ணிப் பார்த்தால் ஷெரில் 14 சதவீதப் புள்ளியில் ஜெயித்திருந்தார்!

ஏன் என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். என் கருத்தைப் பிறகு சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

நெல்லைச்சீமை:

ஊரிலிருந்து ஒரு அடிப்படைக் கேள்வி, கோபப்படாதீர்கள். இந்த ஆளுநர் நம்மூர் முதலமைச்சர் மாதிரியா, இல்லை கையெழுத்துப் போடுகிறவர் மட்டுமா?

ஹட்சன்கரை:

முதலமைச்சரைவிடக் கை ஓங்கியவர், அண்ணாச்சி. அமெரிக்காவிலேயே அதிகாரம் மிகுந்த ஆளுநர் பதவிகளில் இது ஒன்று. பல மாநிலங்களில் தலைமை வழக்கறிஞர், மாநிலச் செயலாளர் போன்றவர்களை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே 1947 அரசியலமைப்பின்படி அவர்களை ஆளுநர் நியமிக்கிறார், மாநில செனட் சம்மதித்தால் போதும். 21 மாவட்டங்களின் அரசு வழக்கறிஞர்களும், உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் அதே வழியில்தான்.

பட்ஜெட்டில் பிடிக்காத ஒரு வரியை மட்டும் அடித்துவிடலாம். மசோதாவை "இப்படி இப்படித் திருத்தினால் கையெழுத்துப் போடுகிறேன்" என்று எழுதித் திருப்பி அனுப்பலாம். மாநில அரசில் மாநிலம் முழுக்க வாக்கு வாங்கி வருகிறவர்கள் ஆளுநரும், அவரோடு ஒரே சீட்டில் நிற்கும் துணை ஆளுநரும் மட்டுமே. அந்தத் துணைப் பதவியே 2009 தேர்தலில்தான் வந்தது. அதனால்தான் நாற்காலி காலியானதும் அத்தனை பெரிய தலைகளும் வரிசையில் வந்து நின்றன.

எண்கணிதம்:

14 புள்ளிக்கு வருவோம். சதவீதத்தைப் பார்த்தால் சிட்டரெல்லி சரிந்ததுபோல் தெரியும். வாக்கு எண்ணிக்கையைப் பாருங்கள். 2021-இல் அவர் வாங்கியது சுமார் 12.5 லட்சம். இந்த முறை 14 லட்சத்துக்கு மேல். அதாவது தோற்ற மனிதர் போன முறையைவிட ஒன்றரை லட்சம் வாக்கு கூடுதலாக வாங்கியிருக்கிறார். 2021-இல் மர்ஃபி ஜெயித்ததே 13.4 லட்சத்தில்தான், அந்தக் கணக்கில் சிட்டரெல்லி இப்போது ஆளுநர்.

ஆனால் ஷெரில் 19 லட்சத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார். மொத்த வாக்குகள் 26 லட்சத்திலிருந்து 33 லட்சம் ஆகிவிட்டன. எதிராளியின் ஓட்டு உடையவில்லை, வீட்டில் இருந்தவர்கள் கிளம்பி வந்திருக்கிறார்கள். கருத்துக்கணிப்பாளர்கள் யார் ஓட்டுப் போட வருவார்கள் என்ற ஊகத்திலேயே சறுக்கிவிட்டார்கள்.

பசாயிக் மாவட்டத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். லத்தீன் மக்கள் நிறைய இருக்கும் இடம். 2024-இல் ட்ரம்ப் அங்கே ஜெயித்ததை ஊர் முழுக்கப் பேசினார்கள். ஒரே வருடத்தில் ஷெரில் அங்கே இரட்டை இலக்க வித்தியாசத்தில் முன்னால். கூடவே அசெம்பிளியின் 80 இடங்களில் ஜனநாயகக் கட்சி 57-ஐப் பிடித்திருக்கிறது.

கொங்குநாட்டான்:

இதில் ஆராய என்ன இருக்கிறது? ட்ரம்ப் மேல் இருந்த கோபம், அவ்வளவுதான். விவாத மேடையில் ட்ரம்புக்கு என்ன மதிப்பெண் என்று கேட்டபோது சிட்டரெல்லி 'ஏ' கொடுத்தார். அடுத்த வாரமே நியூ ஜெர்சியையும் நியூயார்க்கையும் இணைக்கும் ஹட்சன் ரயில் சுரங்கத் திட்டத்தை நிறுத்திவிட்டேன் என்று ட்ரம்ப் அறிவிக்கிறார். 16 பில்லியன் டாலர் திட்டம். தினமும் நியூயார்க்கின் பென் ஸ்டேஷனுக்குப் போய் வருகிற ஆளிடம் அதற்குப் பிறகு எந்த முகத்தோடு ஓட்டுக் கேட்பது? மனுஷன் பாவம், சொந்தக் கட்சித் தலைவரே குழி தோண்டிவிட்டார்.

எண்கணிதம்:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். இரண்டு பழைய வழக்கங்கள் இந்தத் தேர்தலில் முட்டிக்கொண்டன. ஒன்று, வெள்ளை மாளிகையில் இருக்கும் கட்சி நியூ ஜெர்சி ஆளுநர் தேர்தலில் தோற்கும். 1989 முதல் இதை மீறியது 2021 மட்டுமே. இன்னொன்று, எந்தக் கட்சிக்கும் தொடர்ந்து மூன்றாவது முறை ஆளுநர் பதவி கிடைக்காது. அது 1960-களுக்குப் பிறகு உடைந்ததே இல்லை. முதல் வழக்கம் ஷெரிலுக்குச் சாதகம், இரண்டாவது சிட்டரெல்லிக்கு. இந்த முறை உடைந்தது இரண்டாவது.

ரிச்மண்ட்வாசி:

எங்கள் வர்ஜீனியாவில் நாற்காலி எப்போதும் காலிதான். இங்கே ஆளுநர் அடுத்தடுத்த தவணைக்கு நிற்கவே முடியாது. அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் ஸ்பான்பர்கர் இங்கே 15 புள்ளியில் ஜெயித்தார். ஹைதராபாத்தில் பிறந்த கஸாலா ஹாஷ்மி துணை ஆளுநராகத் தேர்வானார். மத்திய அரசு ஊழியர்கள் நிறைய இருக்கும் மாநிலம், அக்டோபர் 1 முதல் மத்திய அரசாங்கம் முடங்கிக் கிடந்தது. ஆக கொங்குநாட்டான் சொல்வது எங்களுக்கு அப்படியே பொருந்தும். உங்களுக்கு எப்படியோ.

மிடில்செக்ஸ்காரன்:

சரி, இப்போது என் கருத்து. நவம்பரில் யார் ஜெயிப்பார் என்பதைவிட, அந்த நாற்காலிக்கு யார் யாரெல்லாம் நிற்க முடியும் என்பதுதான் இந்தத் தேர்தலில் நடந்த பெரிய மாற்றம். அது ஜூன் 10 அன்று, கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் நடந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அதற்கும் முந்தைய வருடம் நீதிமன்றத்தில் நடந்தது.

2023 வரை இங்கே உட்கட்சி வாக்குச்சீட்டு எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்கே தெரியும். மற்ற மாநிலங்களில் "ஆளுநர்" என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே எல்லாப் பெயர்களும் இருக்கும். இங்கே 21 மாவட்டங்களில் 19-இல் சீட்டை நெடுக்குப் பத்திகளாகவோ கிடைவரிசைகளாகவோ பிரித்திருப்பார்கள். மாவட்டக் கட்சி ஆதரிக்கும் ஆட்கள் எல்லோரும், மேலே செனட் வேட்பாளரிலிருந்து கீழே ஊர் கவுன்சில் வரைக்கும், ஒரே பத்தியில் வரிசையாக நிற்பார்கள். இதற்குத்தான் 'கவுண்டி லைன்' என்று பெயர். கட்சி ஆதரவு இல்லாதவர் பெயர் நாலைந்து பத்தி தள்ளி, வெற்றுக் கட்டங்களுக்கு நடுவில் தனியாகக் கிடக்கும். அந்த மூலைக்கு உள்ளூரில் சைபீரியா என்று பட்டப்பெயர். முழுச் சீட்டையும் படிக்க நேரமில்லாதவர் என்ன செய்வார்? நிறைந்திருக்கும் பத்தியில் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே போய்விடுவார்.

அந்தப் பத்தியை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தது யார்? சில மாவட்டங்களில் கட்சிக் கமிட்டி உறுப்பினர்கள் கூடி ரகசிய வாக்கெடுப்பு நடத்துவார்கள். வேறு சிலவற்றில் மாவட்டத் தலைவர் ஒருத்தரே. ஆளுநர் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் மக்களைப் பார்ப்பதற்கு முன் இந்தத் தலைவர்களைப் பார்த்தாக வேண்டும். ஏழெட்டுப் பெரிய மாவட்டங்கள் ஒருவர் பின்னால் சாய்ந்துவிட்டால் மற்றவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால்தான் காலி நாற்காலி என்றாலும் கடைசியில் போட்டியே இருக்காது.

இது உடைந்தது அமெரிக்க செனட் தேர்தலில். நியூ ஜெர்சி செனட்டர் பாப் மெனண்டெஸ் மேல் 2023 செப்டம்பரில் ஊழல் குற்றச்சாட்டு வந்தது. அந்த இடத்துக்கு ஆளுநரின் மனைவி டாமி மர்ஃபி இறங்கினார், பெரிய மாவட்டத் தலைவர்கள் பலர் உடனே ஆதரவு. எதிரே காங்கிரஸ் உறுப்பினர் ஆண்டி கிம். மர்ஃபி குடும்பத்தின் சொந்த மாவட்டமான மான்மவுத்தில் ரகசிய வாக்கெடுப்பு நடத்தினார்கள், அங்கேயே கிம் ஜெயித்தார்! அப்புறம் 2024 பிப்ரவரியில் சீட்டு அமைப்பே செல்லாது என்று வழக்குப் போட்டார். மாநிலத் தலைமை வழக்கறிஞரே இதை ஆதரித்து வாதாட முடியாது என்று கைவிரித்துவிட்டார். மார்ச் கடைசியில் டாமி மர்ஃபி விலகினார். சில நாளில் நீதிபதி குரைஷி, ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தலில் இந்த அமைப்பைப் பயன்படுத்தத் தடை விதித்தார். 2025 மார்ச்சில் சட்டமாகவே எழுதி இரண்டு கட்சிக்கும் நீக்கிவிட்டார்கள்.

விளைவு, இந்த ஜூனில் ஆறு பேர் கடைசி வரை நின்றார்கள். ஷெரில், நுவர்க் மேயர் ராஸ் பராகா, ஜெர்சி சிட்டி மேயர் ஃபுலப், காங்கிரஸ் உறுப்பினர் காட்ஹைமர், ஆசிரியர் சங்கத் தலைவர் ஸ்பில்லர், முன்னாள் மாநில செனட் தலைவர் ஸ்வீனி. பழைய முறையில் இவர்களில் நாலு பேராவது பிப்ரவரியிலேயே பின்வாங்கியிருப்பார்கள். ஆறு பேர் ஆறு மாதம் ஊர் ஊராகப் போய்த் திரட்டிய கூட்டம்தான் நவம்பரில் அப்படியே ஓட்டுப்பெட்டிக்கு வந்தது. எண்கணிதம் சொன்ன "வீட்டில் இருந்தவர்கள்" முதலில் கிளம்பியது அப்போதுதான்.

தமிழரசி:

நீங்கள் எழுதிய வரலாறு சரி, முடிவு மட்டும் இடிக்கிறது. லைன் போய்விட்டது, சரி. ஜெயித்தது யார்? எசெக்ஸ், மிடில்செக்ஸ் மாதிரி பெரிய மாவட்டக் கட்சிகள் கை காட்டிய அதே ஷெரில். பெர்கன் மாவட்டக் கட்சி காட்ஹைமருக்கு, தெற்கு மாவட்டங்கள் ஸ்வீனிக்கு. பழைய தலைவர்கள் எல்லோரும் பழையபடி ஆதரவு அறிவித்தார்கள், சுவரொட்டி அடித்தார்கள், வீடு வீடாக ஆள் அனுப்பினார்கள். சீட்டில் பத்தி மட்டும்தான் இல்லை.

இன்னொன்று. ஷெரில் ஜூனில் வாங்கியது 34 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு கட்சிக்காரர்கள் வேறு யாரையோ விரும்பினார்கள். இரண்டாவது வந்த பராகா சுமார் 21. மே மாதம் நுவர்க்கில் குடியேற்றத் தடுப்பு மையத்துக்கு வெளியே கைதான பிறகு அவர் கூட்டங்களில் சூடு பிடித்தது. அவரும் ஃபுலப்பும் ஒரே வகை வாக்குகளைப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டாம் சுற்று இருந்திருந்தால் கதை வேறாகக்கூடப் போயிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், ஜெர்சி சிட்டி மேயர் பதவிக்கு யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்று டிசம்பர் 2 அன்று இரண்டாம் சுற்று வைத்தார்கள். மேயருக்கு உண்டு, மாநிலத்தையே ஆளப்போகிறவரைத் தேர்வு செய்யும் உட்கட்சித் தேர்தலுக்குக் கிடையாது.

பணத்தையும் விட்டுவிட்டீர்கள். ஸ்பில்லருக்காக ஆசிரியர் சங்கப் பணத்தில் இயங்கிய குழு செலவழித்தது மூன்றரைக் கோடி டாலருக்கு மேல். கிடைத்தது பத்துச் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இங்கே வேட்பாளர் திரட்டும் ஒவ்வொரு டாலருக்கும் மாநிலம் இரண்டு டாலர் தருகிறது, பதிலுக்குச் செலவுக்கு உச்சவரம்பு. நல்ல ஏற்பாடு. ஆனால் வெளிக்குழுவுக்கு அந்த வரம்பு இல்லையே! லைன் போன இடத்தில் விளம்பரப் பணம் வந்து உட்காருகிறது.

மிடில்செக்ஸ்காரன்:

மூன்றரைக் கோடி கொட்டியும் ஐந்தாவது இடம்தானே மேடம்? பணத்துக்கு லைன் அளவுக்கு வலு இல்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? 34 சதவீதம் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் அந்த 34-ஐ அவர் மற்ற ஐந்து பேரோடு ஒரே கட்டத்தில் நின்று வாங்கினார். வித்தியாசம் இருக்கிறது.

கொங்குநாட்டான்:

ஸ்வீனி பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருடம் செனட் தலைவர். 2021-இல் கிட்டத்தட்டச் செலவே செய்யாத ஒரு லாரி ஓட்டுநரிடம் தொகுதியைப் பறிகொடுத்தார். அந்த மனிதர் திரும்ப வந்து ஆளுநர் பதவிக்கு நின்றார் பாருங்கள், அந்தத் தைரியத்துக்கே ஏழு சதவீதம் கொடுக்கலாம்.

பரோட்டாகடை:

எல்லோரும் சீட்டையும் ட்ரம்பையும் பேசுகிறீர்கள். எங்கள் அடுக்ககத்தில் ஆறு மாதமாக ஒரே பேச்சு கரண்ட் பில். மே மாதம் 110 டாலர் கட்டினேன், ஜூலையில் 240. லிஃப்டில் பார்க்கிற முகமெல்லாம் இதையே கேட்கிறது. ஷெரில் "முதல் நாளே அவசரநிலை அறிவித்துக் கட்டணத்தை ஏறாமல் நிறுத்தி வைப்பேன்" என்றார். எனக்கு அது போதும். பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர் 2024-இல் ட்ரம்புக்குப் போட்டவர், அவரும் இதே காரணத்துக்காக இந்தப் பக்கம் வந்தார்.

ஹட்சன்கரை:

மே பில்லோடு ஜூலை பில்லை ஒப்பிடாதீர்கள் நண்பரே, நடுவில் ஏசி ஓடியிருக்கிறது. யூனிட் விலையைப் பாருங்கள். ஜூன் 1 முதல் மாநிலத்தில் வீட்டு பில் 17 முதல் 20 சதவீதம் ஏறியது உண்மை. மீதி ஏசிக்காரன் கணக்கு.

ஏன் ஏறியது என்பதைத்தான் இரண்டு வேட்பாளர்களும் அவரவருக்குத் தோதாகச் சொன்னார்கள். 13 மாநிலங்களையும் வாஷிங்டனையும் சேர்த்து மின்தொகுப்பை நடத்துவது பிஜேஎம் என்ற அமைப்பு. வருங்காலத்துக்கு உற்பத்தித் திறனை ஒதுக்கிவைக்க அது ஏலம் விடும். 2024 ஜூலை ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு நாள் ஒன்றுக்கு 28.92 டாலராக இருந்தது 269.92 ஆனது. ஒன்பது மடங்கு. அடுத்த ஏலத்தில் 329-ஐத் தாண்டியது. தரவு மையங்கள் மின்சாரத்தைக் குடிக்கின்றன, பழைய நிலையங்கள் மூடப்படுகின்றன, புது நிலையங்களை இணைப்பதற்கான வரிசை நகரவே இல்லை.

சிட்டரெல்லி சொன்னது: மர்ஃபியின் காற்றாலைக் கனவுதான் காரணம், மின்நிலையங்களின் கார்பன் வெளியீட்டுக்குக் கட்டணம் வாங்கும் மாநிலங்களின் கார்பன் கூட்டணியிலிருந்து வெளியேறினால் சரியாகும். கடல் காற்றாலையை நம்பியிருந்ததும், டென்மார்க் நிறுவனமான ஆர்ஸ்டெட் 2023-இல் இரண்டு திட்டங்களையும் கைவிட்டதும் உண்மைதான். ஆனால் பென்சில்வேனியா, ஒஹையோவிலும் அதே ஏல விலைதான். அங்கே மர்ஃபி இல்லையே.

பரோட்டாகடை:

அப்போது ஷெரில் சொன்னது நடக்குமா, நடக்காதா? அதைச் சொல்லுங்கள்.

ஹட்சன்கரை:

பில்லை எடுத்துப் பாருங்கள். ஒரு வரி மின்சாரம் வாங்கிய விலை, இன்னொரு வரி கம்பி வழியாகக் கொண்டுவரும் கட்டணம், அதிலேயே சமூகநலத் திட்டங்களுக்கான பிடித்தமும் கலந்திருக்கும். முதல் வரி ஆளுநர் கையில் இல்லை. மாநில வாரியம் ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஏலம் விட்டு, தேவையில் மூன்றில் ஒரு பங்கை மூன்று வருட ஒப்பந்தமாக வாங்குகிறது. கையெழுத்தான ஒப்பந்தத்தை அவசரநிலை போட்டும் கிழிக்க முடியாது. இரண்டாவது வரியில் கம்பெனிகள் கேட்கும் புது உயர்வைத் தள்ளிப்போடலாம். அப்புறம் கார்பன் நிதியிலிருந்து பில்லில் கழிவு கொடுக்கலாம். இந்த செப்டம்பர், அக்டோபரில் 50 டாலர் வீதம் வந்ததே, அந்த மாதிரி. உங்கள் பில் இதற்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், பழைய விலைக்குத் திரும்பாது. "நிறுத்தி வைப்பேன்" என்றுதான் ஷெரில் சொன்னார், குறைப்பேன் என்று சொல்லவில்லை. வழக்கறிஞர் அல்லவா.

தமிழரசி:

அதிலும் அந்தக் கழிவுக்கான பணம் சிட்டரெல்லி வெளியேறுவேன் என்ற அதே கார்பன் கூட்டணியிலிருந்து வருகிறது. இதை ஒரு விவாதத்திலாவது ஷெரில் தெளிவாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் ஷெரிலின் கடற்படைக் கல்லூரிப் பதிவுகள், சிட்டரெல்லியின் பதிப்பகம் ஓபியாய்டு வலிமருந்துகளுக்குச் சாதகமாக எழுதியது என்ற குற்றச்சாட்டு என்று இரண்டு பேரும் சேற்றை வாரிப் பூசிக்கொண்டே அக்டோபரைக் கழித்தார்கள்.

எண்கணிதம்:

ஆனால் அந்தப் பதிவு விவகாரத்தில் அரசு ஆவணக் காப்பகம் ஷெரிலுடைய சமூகப் பாதுகாப்பு எண்ணோடு கோப்பையே எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டது. எந்தக் கட்சி என்றாலும் அது பெரிய தப்பு.

பச்சையட்டை:

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நான் கிரீன் கார்டுக்காரன், என் ஓட்டு எங்குமே இல்லை. வரும் வசந்தத்தில் குடியுரிமை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன். 2026 ஜூன் உட்கட்சித் தேர்தலில் போட முடியுமா? கட்சியில் முன்னாலேயே சேர வேண்டுமா?

மிடில்செக்ஸ்காரன்:

முடியும். தேர்தலுக்கு 21 நாளுக்கு முன் வாக்காளராகப் பதிந்துவிட வேண்டும். உறுதிமொழி எடுக்கும் இடத்திலேயே பெரும்பாலும் படிவம் கிடைக்கும். பதியும்போது எந்தக் கட்சியும் எழுதாமல் விட்டால், ஜூன் அன்று சாவடியிலேயே கட்சியைச் சொல்லி அதன் சீட்டை வாங்கிக்கொள்ளலாம். ஒரு கட்சியில் பதிந்துவிட்டு மாற நினைத்தால் மட்டும் 55 நாளுக்கு முன்பே மாற்ற வேண்டும்.

முக்கியமான ஒன்று: அதுவரைக்கும் ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போனால் வாக்காளர் பதிவு பற்றி ஒரு கேள்வி வரும். அவசரத்தில் "ஆம்" என்று அழுத்திவிடாதீர்கள். குடியுரிமை இல்லாமல் பதிந்தால் பின்னால் அந்த விண்ணப்பமே சிக்கலாகிவிடும்.

பச்சையட்டை:

நன்றி சார். உரிமம் ஜனவரியில் முடிகிறது, நல்ல வேளை சொன்னீர்கள்.